ஜல்லிச் சாலையில் நாத்தனாரோடு

மார்ச் 4, செவ்வாய்

வாஷிங் மெஷினின் மூடி மேல் வைத்து இதை எழுதுகிறேன். இப்போதைக்கு அலசிக்கொண்டிருக்கிறது, அதனால் எழுத்து ஒழுங்காக வருகிறது. பிழிய ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும்.

என் அறையில் நாத்தனார் இருக்கிறாள். வேலை மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபோது, "வீடு கிடைக்கிற வரைக்கும்தான் அண்ணி" என்று ஒரு பெட்டியோடு வந்தாள். எட்டு மாதம் ஆயிற்று. பெட்டி இப்போது கட்டிலுக்கு அடியில். கட்டில் என் மேசை இருந்த இடத்தில். என் மேசை மாடிப்படிக்குக் கீழே, இஸ்திரிப் பெட்டியைச் சுமந்துகொண்டு. ஜன்னலை ஒட்டி நான் நாற்காலி போட்டு உட்காரும் இடத்தில் அவளுடைய சைக்கிள் நிற்கிறது. காலையில் அந்தக் கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்ப்பேன். வெயில் அதன் சீட் மேல் விழுந்துகொண்டிருக்கும். என் வெயில்.

அவள் நல்லவள். அதுதான் தொல்லையே. சண்டைக்காரியாக இருந்தால் என்றைக்கோ ஒரு சண்டையில் சொல்லி முடித்திருப்பேன். தட்டைக் கழுவி வைக்கிறாள், கதவைப் பூப்போல சாத்துகிறாள். எனக்கு ஒரு வயதுதான் இளையவள், ஆனாலும் பத்தொன்பது வருடமாக இருவரும் 'வாங்க போங்க' என்றே பேசிக்கொள்கிறோம், ஏதோ வங்கி மேலாளர்கள் போல. இவருக்குத் தங்கை இன்னும் பாப்பா, அதனால் என் வாயிலும் பாப்பாதான். ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் சோதித்து, சரியில்லை என்றால் பூட்டுப் போட்டுவிட்டு வருகிற பொறியாளர் பாப்பா.

ஒரு நாளில் ஒரு மணி நேரம், யாரும் இல்லாமல், ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார வேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை. இது பேராசையா?

பிழிய ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

துணிந்து இவரிடம் கேட்டேன். "பாப்பா வீடு பார்க்கிறதா சொன்னாளே, என்ன ஆச்சு?"

இவர் ஒரு டெலிபோன் கம்பெனியில் புகார் பிரிவில் இருக்கிறார். இருபது வருடமாகக் கோபத்தோடு வருகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவதுதான் வேலை. குரலைத் தாழ்த்தினார். "உன் மனசு எனக்குப் புரியுது. ஆனா அவளைப் பாரு... 'அண்ணி இருக்கிறதாலதான் இந்த ஊரே எனக்குப் பிடிச்சிருக்கு'ன்னு நேத்துகூட சொன்னாம்மா. இப்ப போய்க் கேட்டா மனசு உடைஞ்சிடும்."

பத்தே நிமிடத்தில், நான் கேட்டதே பாவம் என்கிற நிலைக்கு வந்துவிட்டேன். இரண்டு தோசைக் கரண்டி அளவு குற்ற உணர்ச்சியோடு தூங்கப் போனேன்.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது அறிவித்தார்: பாப்பாவின் அறைக்குச் சுவரோடு சேர்த்து ஒரு பெரிய அலமாரி. தச்சர் அளவெடுத்துவிட்டுப் போயாயிற்று. ஏப்ரல் இரண்டாவது வாரம் வந்து அடித்துவிடுவார்.

பாப்பாவின் அறை!

"எதுக்குண்ணா அதெல்லாம்" என்று நாத்தனார் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நல்லதுதானே" என்றேன்.

ஏன் சொன்னேன்? யார் என்னைச் சொல்லச் சொன்னது? கட்டிலை நகர்த்தலாம், பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். சுவரில் ஆணி அடித்துப் பொருத்திய அலமாரியை யார் கழற்றிக்கொண்டு போவார்கள்? அது வருவதற்குள் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சாகும்வரை வாஷிங் மெஷின்தான்.

மார்ச் 10, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. பைத்தியக்கார வழி.

வீட்டில் நாங்கள் இருவரும் தனியாக இருப்பதே இல்லை. ஒரு வாக்கியம் தொடங்குவதற்குள் இவர் தண்ணீர் குடிக்க வந்துவிடுவார். ஆனால் நாத்தனாருடைய சைக்கிள் குழு ஏப்ரல் முதல் ஞாயிறு மலை மேல் போகிறதாம். ஏறி, மறுபக்கம் இறங்க ஒரு பகல் முழுக்க. அதைச் சொல்லிவிட்டு, வாசலில் நிற்பவரிடம் 'சாப்பிட்டுப் போங்களேன்' என்போமே, அந்த மாதிரி, "நீங்களும் வாங்களேன் அண்ணி" என்றாள்.

"வரேன்."

இவருடைய கையில் இருந்த டம்ளர் பாதியில் நின்றது. நாத்தனாரின் முகத்தில் தெரிந்ததைச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன்.

சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு இவர் உடம்பைக் குறைக்க வாங்கிய ரேஸ் சைக்கிள் பால்கனியில் தொங்குகிறது. துண்டு காயப்போட நல்ல வசதி. எடை இல்லவே இல்லை. டயர் என் சுண்டுவிரல் தடிமன்.

மார்ச் 16, ஞாயிறு

விழுந்தேன். ஓடும்போதுகூட இல்லை, சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது. மெதுவாக, ஒரு மரம் சாய்வதுபோல. நடைபாதையில் இருந்த பெரியவர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, "ஏம்மா, இதுக்கு நடந்தே போயிருக்கலாமே" என்றார்.

நியாயமான பேச்சு.

மார்ச் 21, வெள்ளி

வாக்கியம் தயார்: "பாப்பா, உங்களுக்கும் தனியா ஒரு வீடு இருந்தா வசதியா இருக்கும்ல?"

'உங்களுக்கும்' என்பதில் இருக்கிற 'உம்'முக்கு மூன்று நாள் பிடித்தது. அக்கறை போலவும் இருக்க வேண்டும், உறைக்கவும் வேண்டும்.

நான் வேலை பார்க்கும் கண் பரிசோதனை அறை இருட்டு, ஒத்திகைக்கு ஏற்ற இடம். இன்றைக்கு லென்ஸை மாற்றிக்கொண்டே முணுமுணுத்திருக்கிறேன் போலிருக்கிறது. நாற்காலியில் இருந்தவர், "எனக்குச் சொந்த வீடு இருக்குங்க மேடம்" என்றார்.

நாள் முழுக்க ஊராரை 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று கேட்கிறவள் நான்.

மார்ச் 29, சனி

குழுவின் கூட்டம். தலைவரை எல்லோரும் கேப்டன் என்கிறார்கள். தொழில் பல் மருத்துவம். வரைபடத்தை விரித்து, "ரோடு அருமையா இருக்கும். நடுவுல மட்டும் கொஞ்சம் ஜல்லி" என்றார்.

"ரேஸ் சைக்கிள்ல போக முடியுமா?"

"ஏன் முடியாது? மனசு இருந்தா போதும்."

பல் மருத்துவர் 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று, ஒரு முறை பல் பிடுங்கிக்கொண்ட யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ராத்திரி இவர் வந்து உற்சாகமாகச் சொன்னார். "பாப்பா உன் சைக்கிளைப் பார்த்து அசந்துட்டா. டயரெல்லாம் பிரமாதம்னா."

கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 5, சனி

நாளைக்கு. வாக்கியம் மனப்பாடம்.

ஏப்ரல் 7, திங்கள்

லீவு. குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். காரணம், அந்த சீட்டில் ஒருமுறை உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

வேனிலிருந்து சைக்கிள்களை இறக்கும்போதே கவனித்தேன். மற்ற எல்லோருடைய டயரும் பட்டை பட்டையாகத் தடித்திருந்தது. என்னுடையது மட்டும் ஊசி. ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "தைரியம்தான்" என்றார். அந்தத் தொனியில் இரங்கல் தெரிவிப்பார்கள்.

தார்ச்சாலை மூன்று வளைவுக்கு இருந்தது. அப்புறம், யாரோ அழிரப்பரால் அழித்ததுபோல, இல்லை. அதன் பிறகு மலை முழுக்க ஜல்லிதான். முஷ்டி அளவுக் கல், முட்டை அளவுக் கல், அதன் மேல் மாவு போலத் தூசி. கேப்டனின் 'கொஞ்சம்'. பெடலை மிதித்தால் பின் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றுகிறது, முன் சக்கரம் தனக்குப் பிடித்த பக்கம் போகிறது. என் பல் ஒன்றோடொன்று மோதும் சத்தம் எனக்கே கேட்டது. ஒருவேளை அவர் தொழிலை வளர்க்கத்தான் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தாரோ?

எல்லோரும் மேலே போய் மறைந்தார்கள். நாத்தனார் மட்டும் எனக்காக மெதுவாக வந்தாள். நான் நினைத்தது நடந்துவிட்டது: நானும் அவளும், நடுவில் தண்ணீர் குடிக்க யாரும் வராத ஒரு மலை.

"பாப்பா, உங்களுக்கும்—"

மூச்சு இல்லை. ஏற்றத்தில் மூச்சு முழுவதும் காலுக்குப் போய்விடுகிறது. வாய்க்கு மிச்சம் இல்லை.

"என்ன அண்ணி? கியரா? இன்னும் கம்மி பண்ணுங்க."

குறைத்தேன். அடுத்த வளைவில், "பாப்பா, தனியா ஒரு—"

"ஆமா, இங்க ஒருத்தர் ஒருத்தரா தனியாத்தான் போகணும். நீங்க முன்னாடி போங்க."

போனேன். டஸ்ஸ் என்றது. முதல் பஞ்சர். அவள் டியூபை மாற்றினாள். நான் பக்கத்தில் நின்று பம்ப்பைப் பிடித்துக்கொண்டு, வேலை செய்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று மென்று முழுங்கினேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாவது பஞ்சர். இந்த முறை அவளுக்கே அலுத்துவிட்டது.

"அதான் அன்னிக்கே டயரை மாத்தச் சொல்லி அனுப்பினேன்."

"யார்கிட்ட?"

"அண்ணன்கிட்டதான். இந்த டயர்ல வந்தா அண்ணி செத்துடுவாங்க, உடனே மாத்துன்னேன்."

"டயர் பிரமாதம்னு நீங்க சொன்னதா சொன்னாரே!"

அவள் கையில் பசையோடு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இருவருக்கும் ஏதோ ஒன்று புலப்படப் பார்த்து நழுவிவிட்டது. காற்று அடித்தோம், ஏறினோம்.

உச்சியில் யாரும் இல்லை. எல்லோரும் இறங்கிவிட்டிருந்தார்கள். ஏற்றம் முடிந்தது, இனி சுகம் என்று நினைத்தேன். அறிவில்லாதவள். ஏற்றத்திலாவது பயப்பட நேரம் இருக்கிறது.

இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கக் கூடாதாம். உடம்பை விறைக்கக் கூடாதாம். கல்லைப் பார்க்கவே கூடாதாம், போக வேண்டிய இடத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். நான் பிரேக்கைக் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, மரக்கட்டையாகி, எல்லாக் கல்லையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு என்னை முந்தப் பார்த்தது. கீழே வளைவில் நின்று அவள் கத்தினாள்.

"பிரேக்கை விடுங்க அண்ணி! விட்டுடுங்க!"

"முடியல!"

"விடுங்கன்னா விடுங்க!"

"நீ முதல்ல என் ரூமை விடுடீ!"

மலை அதைத் திரும்ப ஒரு முறை சொன்னது. சைக்கிள் வலது பக்கம் போயிற்று, நான் இடது பக்கம் போனேன்.

நல்ல வேளை, மண்மேடு. முட்டி மட்டும் சிராய்ந்திருந்தது. அவள் ஓடி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணைப் பார்த்து, முட்டியில் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். பிறகு, "என்ன சொன்னீங்க?"

"வலியில ஏதோ..."

"வலி வர்றதுக்கு முன்னாடி சொன்னீங்க."

மூன்று வாரம் செதுக்கிய வாக்கியம் எங்கே போயிற்று என்று தேடினேன். 'உம்' மட்டும்தான் ஞாபகம் வந்தது. "ஆமா, சொன்னேன். எனக்கு என் ரூம் வேணும்."

அப்படியே ஜல்லியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் போகக் கூடாதுன்னு நீங்கதானே அழுதீங்க?"

"நானா? எப்ப?"

"முதல் வீடு பார்த்தப்ப. நான் வந்த ரெண்டாவது மாசம். பேசி முடிச்சாச்சு. அண்ணன் வந்து, 'அண்ணி ராத்திரி பூரா அழுதா பாப்பா, உன்னைத் தனியா விட அவளுக்கு மனசு வரல'ன்னான். வேண்டாம்னுட்டேன்."

"முதல் வீடுன்னா?"

"ரெண்டாவது ஒண்ணு பார்த்தேன். அதுக்கு நீங்க சாப்பிடலையாம்."

"நான் சாப்பிடாம இருந்தேனா?"

"அதான் எனக்கும் இடிச்சது. அன்னிக்கு நீங்க நல்லாத்தான் சாப்பிட்டீங்க."

அடப் பாவி மனுஷா! புகார் பிரிவின் வித்தையை வீட்டுக்குள் கொண்டுவந்து, அந்தப் பக்கத்துக்கு இந்தப் பக்கம் அழுகிறது, இந்தப் பக்கத்துக்கு அந்தப் பக்கம் உடைந்துவிடும் என்று... நாங்கள் இருவரும் எட்டு மாதமாக ஒருவர் மனதை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு, ஒரே கூரைக்குள் ஒண்டுக்குடித்தனக்காரர்கள் மாதிரி!

"அலமாரி?" என்றேன்.

"எனக்கெதுக்கு அலமாரி? நீங்க ஆசைப்பட்டு ஆர்டர் பண்ணச் சொன்னதா..."

"அப்ப டீக்கு சர்க்கரை வேண்டாம்னது?"

"அது உங்க வீட்டு வழக்கமில்லையா? சர்க்கரையே ஆகாதுன்னு. எட்டு மாசமா கண்ணை மூடிட்டுக் குடிக்கிறேன்."

"நீங்க சர்க்கரை தொட மாட்டீங்கன்னுதான் போடறதில்ல. நானும் உங்களுக்காக..."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிக்கச் சிரிக்க முட்டியில் ரத்தம் வந்தது. அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். சின்னக் கல் ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினாள். "அப்ப எட்டு மாசமும் நான் உங்களுக்குப் பாரமாத்தான் இருந்தேனா?"

இதற்கு ஒரு பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இவரிடம் கற்ற பதில். சேச்சே, என்ன பேச்சு, நீங்க இருந்தது எனக்கு எவ்வளவு... அதைச் சொல்லியிருந்தால் அலமாரி வந்திருக்கும்.

"இருந்தீங்க" என்றேன். "ரூம் விஷயத்துல ரொம்பப் பாரம். காலையில உங்க சைக்கிள் மேல வெயில் அடிக்கிறதைப் பார்த்தா அதை ஜன்னல் வழியா தூக்கிப் போடணும்னு இருக்கும். மத்தபடி... மத்தபடி உங்களை எனக்குத் தெரியவே தெரியாதே. தெரிஞ்சாத்தானே பிடிக்குமா பிடிக்காதான்னு சொல்ல?"

அவள் முகம் சிவந்தது. கையில் இருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டுப் பள்ளத்தாக்கைப் பார்த்தாள். கெட்டது குடி என்று நினைத்தேன். பத்தொன்பது வருட 'வாங்க போங்க' இந்த ஜல்லியில் முடிந்தது.

"எனக்குக் கை வலிக்குது" என்றாள் கடைசியில். "உங்க வீட்டுக் கதவையெல்லாம் சத்தமில்லாம சாத்திச் சாத்தி. நான் கதவை டமார்னு சாத்தற ஆளு. அப்புறம், நீங்க தொண்டையைக் கனைக்கிறீங்களே காலையில, அஞ்சரை மணிக்கு, கெட்ட கோவம் வரும்."

"நான் கனைக்கிறேனா?"

"லிஃப்ட் மோட்டார் மாதிரி."

கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். "எழுந்திரு அண்ணி. இருட்டறதுக்குள்ள இறங்கணும்." என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

மிச்ச இறக்கத்தில் பாதியைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். மீதியை ஓட்டினேன், பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து. பின்னாலிருந்து அவள் திட்டிக்கொண்டே வந்தாள். அடிவாரத்தில் கேப்டன் பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "எப்படிங்க, நான் சொன்ன மாதிரி கொஞ்சம்தானே ஜல்லி?"

"நாளைக்கு உங்க கிளினிக்குக்கு வரேன்" என்றாள் நாத்தனார். "ரெண்டு பேருக்கும் பல்லு ஆடுது."

வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார் இவர், வெந்நீர் போட்டு வைத்து. நாங்கள் அவரை உட்கார வைத்தோம், நடுவில். "அண்ணி எந்த ராத்திரிண்ணா அழுதாங்க?" என்று அவள் ஆரம்பித்தாள்.

முகத்தில் இருபது வருட அனுபவம் ஒரு சுற்று சுற்றியது. "ரெண்டு பேர் மனசும் எனக்குப் புரியு—"

"உன் மனசைச் சொல்லு" என்றாள் அவள்.

பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, "ராத்திரி சாப்பிடும்போது மூணு பேரா இருந்தது எனக்குப் பிடிச்சிருந்தது. அவ்வளவுதான்" என்றார்.

இவரை இப்படி நான் பார்த்ததே இல்லை. திட்ட வைத்திருந்ததில் முக்கால்வாசி போய்விட்டது. மீதி கால்வாசியைத் திட்டினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தச்சரிடம் யார் பேசுவது என்று இவர் தயங்கினார். நாத்தனாரே போன் செய்தாள். "வேண்டாங்க." ஒரே வார்த்தை. நானும் இவரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

ஏப்ரல் 19, சனி

போனாள். பேருந்தில் கால் மணி நேரத் தூரத்தில் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. "நாள் பூரா அதைத்தானே பார்க்கிறேன், வீட்லயாவது இல்லாம இருக்கட்டும்" என்றாள். கிளம்பும்போது எங்கள் வாசற்கதவை டமார் என்று சாத்தினாள். இவர் பதறிப்போய், "கோவிச்சுக்கிட்டுப் போறாளா?" என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மேசை வந்துவிட்டது, நாற்காலி வந்துவிட்டது. அறை வெறிச்சென்று இருக்கும், மனதை என்னவோ செய்யும் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. பரமசுகமாக இருந்தது. ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா சுவரைப் பார்த்தேன்.

தொண்டையைக் கனைத்தும் பார்த்தேன். லிஃப்ட் மோட்டார் என்பது மிகை.

ஏப்ரல் 30, புதன்

டயரை மாற்றிவிட்டேன். தடிமனானது அந்தச் சட்டத்துக்குள் போகாதாம், கடைக்காரர் கொஞ்சம் தடித்ததைப் போட்டுக் கொடுத்தார். எவ்வளவு கொஞ்சம் என்று அளந்து காட்டச் சொன்னேன்.

மே 17, சனி

மூன்று ஞாயிறுகளாக அவள் வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து இருவரும் சைக்கிளில் ஊருக்கு வெளியே போய்விட்டு வருவோம். இன்று மாலை போன் செய்தேன். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"

"நாளைக்கு வராத அண்ணி."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. யார் மூஞ்சியையும் பார்க்கப் பிடிக்கல. அடுத்த வாரம் வா."

"சரி" என்று வைத்துவிட்டேன்.

இவர் செய்தித்தாளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னவாம்?"

"வராதன்னுட்டா."

"அய்யோ. அவ மனசுல என்னன்னா..." என்று குரலைத் தாழ்த்தத் தொடங்கினார். பிறகு அவரே நிறுத்திக்கொண்டு, பக்கத்தைத் திருப்பினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வருடத்தில் அவள் என்னிடம் நேராக 'வேண்டாம்' என்றது இதுதான் முதல் முறை. சாயங்காலம் முழுக்க, யாரோ பரிசு கொடுத்த மாதிரி, வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.